நாத்தனாரின் இடது காது

பிரிக்காத பார்சல் ஒன்று என் மடியில் இருந்தது. செங்கல் அளவு அட்டைப் பெட்டி. பழுப்பு நிற டேப்பால் நாலு பக்கமும் சுற்றி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர் காலை நெரிசலில் எங்கள் ஆட்டோ நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் பார்வை மட்டும் அந்தப் பெட்டிக்கு வந்து போனது. பெட்டியைப் பிடித்திருந்த என் விரல்கள் வியர்த்து, டேப்பின் ஓரம் பிசுபிசுத்தது. கேட்டால் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கொடுத்துவிட்டால் அவர் ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வீட்டுக்குப் போய்விடுவார் என்று தெரியும். அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஹெட்போனுக்கான ஓர் ஆம்ப்ளிஃபயர். நாங்கள் போய்க்கொண்டிருந்தது காது டாக்டரிடம்.

அவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலர். பூதலூர் பக்கம் வேலை. விதை நெல், உரம், பூச்சி என்று பகலெல்லாம் வரப்பில் நடப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரிடமே கேட்கும் துணிச்சல் எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இருந்ததில்லை. மாமனார் கட்டிய வீட்டில் கீழ்த்தளத்தில் நானும் கணவரும், மாடி அறையில் அவர். சாப்பாடு கீழே, எங்களோடு. சாப்பிட்டு முடித்ததும் மாடிக்குப் போய்விடுவார்.

அந்த மாடி அறையைப் பார்த்தவர்கள் அது ஒரு அரசு அலுவலரின் அறை என்று நம்ப மாட்டார்கள். சுவரில் வரிசையாக மர முளைகள் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போனை மாட்டியிருப்பார். மேசை மேல் பெரிதும் சிறிதுமாக ஆம்ப்ளிஃபயர்கள். மற்றப் பெண்கள் புடவைக்குச் செலவழிப்பதை அவர் இதில் செலவழித்தார். இது எப்படித் தொற்றியது என்று ஒருமுறை அவரே சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில் வேதாரண்யத்தில் போஸ்டிங். உப்பளத்தை ஒட்டிய வாடகை வீடு, தனியாக இருந்திருக்கிறார். காற்று ஓயாமல் ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்குமாம். காற்று கேட்காமல் இருப்பதற்காக வாங்கியது முதல் ஹெட்போன். வாங்கியபின் பாட்டும் சரியாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தேடிப் போனவர் பிறகு திரும்பி வரவே இல்லை.

எங்கள் இருவருக்கும் நடுவே அப்போது பெரிதாகப் பேச்சு கிடையாது. சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. மாமியார் கடைசி வருடங்களில் காது சுத்தமாகக் கேட்காமல் இருந்து இறந்துபோனார். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். அப்போது வெளியூரில் வேலை என்பதால் சனி ஞாயிறில் மட்டும் வந்து போனது அண்ணி. அம்மாவை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவர் நினைப்பதாக நான் நினைத்தேன். வந்து போகும் மகளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைப்பதாக அவர் நினைத்திருக்கலாம். இரண்டு பேரும் வாய்திறந்து சொல்லாததால் அது அப்படியே உறைந்து கிடந்தது.

அதை மீறி எங்களுக்குள் நடந்த ஒரே நல்ல காரியம் ஹெட்போன் சம்பந்தப்பட்டதுதான். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்தும்போது பழைய சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பேன், கணவர் வாங்கித் தந்த ஏதோ ஒரு ஹெட்போனில். ஒருநாள் அண்ணி அதை என் தலையிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதுல உனக்குப் பாட்டு கேக்குதா, இல்ல வெறும் தாளம்தான் கேக்குதா?"

மாடிக்கு வரச் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்து, வயலில் விவசாயியிடம் விசாரிப்பதுபோல விசாரித்தார். என்ன பாட்டு கேட்பாய், எவ்வளவு நேரம், சத்தமாகவா மெதுவாகவா, கேட்டு முடித்ததும் தலை வலிக்கிறதா. பிறகு முளையிலிருந்து பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து என் செல்போனில் நேராகச் சொருகினார். பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல மெல்லிசாக வந்தது. அதே ஹெட்போனை ஆம்ப்ளிஃபயர் வழியாக இணைத்தார். பாடகியின் குரல் எழுந்து வந்து என் நெற்றிக்கு நேரே நின்றது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"பெரிய வயலுக்குச் சின்ன மோட்டார் போட்டா தண்ணி கடைசி வரப்பு வரைக்கும் போய்ச் சேராது. இந்த ஹெட்போன் அப்படி. இழுக்க ஆள் வேணும்" என்றார். இன்னொரு சிறிய இயர்போனைக் காட்டி, "இதுக்கு அதே பெரிய மோட்டாரைப் போட்டா நாத்தங்கால்ல போர் தண்ணியைத் திருப்பிவிட்ட மாதிரி. பாட்டுக்கு முன்னாடி இரைச்சல் வந்துடும். எதுக்கு எதுன்னு பாக்கணும்" என்றார். அத்தோடு விடவில்லை. அதே பாட்டை வேறொரு ஆம்ப்பில் போட்டார். எல்லாம் தெளிவாக இருந்தது, ஆனால் 'ச' வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது. மூன்றாவதாக, பழைய ரேடியோவில் இருப்பதுபோல வால்வு வைத்த சின்னப் பெட்டி. சூடேற நேரம் எடுத்தது. அதில் குரல் கொஞ்சம் குழைந்து, கூர் மழுங்கி வந்தது. என் தோள் இறங்கியதை அவர் கவனித்துவிட்டார் போல. "உனக்கு இதுதான்" என்று அந்த ஜோடியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். தாள் திருத்தும் நேரமெல்லாம் அதுதான் என் துணை. நன்றி சொன்னபோது, "கறை படாம வச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரிடம் போகவேண்டி வந்தது பள்ளி திறந்த சமயம். மேட்டூர் தண்ணீர் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு அலைச்சல் அதிகம். ஒரு காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தவர், "என் ஆம்ப் போயிடுச்சு. லெஃப்ட் பக்கம் அமுங்கிக் கேக்குது" என்றார். ஒயரை மாற்றிப் பார் என்றார் என் கணவர். மாற்றியாயிற்று என்றார் அண்ணி. டவுனில் ரிப்பேர் கடையில் கொடுத்தார். கடைக்காரர் சோதித்துப் பார்த்து, பழுது ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அண்ணி கோபப்பட்டார். வேறொரு ஆம்ப் ஆர்டர் செய்தார். அது வந்தது, சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். அந்த ஹெட்போனுக்கு இந்த ஆம்ப் ஒத்துவரவில்லை, ஜோடி சரியில்லை என்றார். இன்னொன்று ஆர்டர் செய்தார்.

எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. அவருடைய சுபாவமே அப்படித்தான். ஆனால் சில விஷயங்கள் உறுத்தத் தொடங்கின. சாப்பிடும்போது எப்போதும் என் கணவருக்கு வலப்பக்கம் உட்காருபவர், திடீரென்று இடப்பக்கம் சுவர் வரும்படி இடம் மாறினார். போனை வலது காதிலேயே வைத்தார். இடது கையால் எடுத்தால்கூடக் குறுக்கே கொண்டுபோய் வலது காதில் வைத்தார். நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒருநாள் படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்து ஒரு நிமிடம் நின்றார். தலை சுற்றுகிறதா அண்ணி என்றேன். வெயில் என்றார்.

அந்த வாரம் ஒருநாள் எனக்குப் பஸ் தப்பிவிட்டது. என் பள்ளியும் பூதலூர் சாலையில்தான். அண்ணி ஸ்கூட்டரில் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஊர் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் உழுது போட்ட வயல்கள், தண்ணீருக்காகக் காய்ந்து கிடந்தன. இடப்பக்கம் ஒரு மண் பாதையிலிருந்து டிராக்டர் ஒன்று, பின்னால் டிரெய்லரோடு, சாலையில் ஏற வந்துகொண்டிருந்தது. பின்னால் இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. புளிய மரம் மறைத்ததில் அண்ணிக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். அடித்தது இடது பக்கம். அண்ணி சட்டென்று வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வலப்பக்கம் ஏதோ வண்டி முட்ட வருகிறது என்று நினைத்து ஸ்கூட்டரை இடது பக்கம் ஒடித்தார். நேராக டிராக்டரை நோக்கி.

நான் கத்தினேனா என்று ஞாபகமில்லை. அவர் தோளைப் பிடித்து வலப்புறம் இழுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. டிராக்டரின் முன் சக்கரம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஸ்கூட்டர் சாய்ந்து, இருவரும் சாலையோர மண்ணில் கால் ஊன்றி நின்றோம். டிராக்டர்காரர் கீழே குதித்து வந்தார். வைது தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணியை அடையாளம் தெரிந்துகொண்டு குரலை அடக்கிக்கொண்டார்.

"மேடம், ஹாரன் அடிச்சேனே. கேக்கலீங்களா?"

"கேட்டுச்சுப்பா" என்றார் அண்ணி. மறுபடி வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "கேட்டுச்சு. அந்தப் பக்கம் கேட்டுச்சு."

மீதி வழி முழுதும் வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டபோது, "வீட்ல சொல்லாத" என்றார். அன்று வகுப்பில் நான் போட்ட கணக்கைப் பிள்ளைகள்தான் திருத்தினார்கள். அவர் அந்தப் பக்கம் கேட்டது என்று சொன்னது திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. இடைவேளையில், காது டாக்டரின் அம்மாவான சக ஆசிரியை ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் உடனே மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டுவிட்டு, "ஒரே காதுல, திடீர்னு வந்துச்சாங்க?" என்று கேட்டாள். அப்படித்தான் தெரிகிறது என்றேன். "அப்படின்னா தள்ளிப் போடாதீங்க. நாள் போகப் போகத் திரும்ப வர்ற வாய்ப்பு குறையும். இன்னைக்கே கூட்டிட்டு வரப் பாருங்க" என்றாள்.

சாயங்காலம் வீடு வந்ததும் மாடிக்குப் போனேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் பழுது என்று அவர் சொன்ன ஆம்ப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நான் ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா அண்ணி?" என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. வயலின் ஒன்று இடது காதோரம் தொடங்கியது, பிறகு வலப்பக்கம் மிருதங்கம், நடுவில் குரல். எல்லாம் அதனதன் இடத்தில் முழுசாக இருந்தன. அவ்வளவு அழகாகக் கேட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது அண்ணி."

"அப்ப உன் காது நல்லாருக்கு."

"திருப்பி மாட்டிப் பாத்தீங்களா? லெஃப்டை ரைட்ல வச்சு?"

கணக்கு டீச்சருக்கு அதுதானே தோன்றும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"மொத நாளே பாத்தேன்" என்றார். "ஆம்ப்போ ஹெட்போனோ கோளாறா இருந்தா, திருப்பினதும் கோளாறு வலது பக்கம் வரணும். வரல. இந்தப் பக்கமே நின்னுச்சு."

ரிப்பேர் கடை, வந்து திரும்பிப் போன பெட்டி, ஜோடி சரியில்லை என்ற பேச்சு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. "தெரிஞ்சுமா அண்ணி ஆம்ப் ஆம்ப்பா வாங்குனீங்க?"

"அடுத்தது வர்ற வரைக்கும், அதுலதான் கோளாறுன்னு இருக்கலாம்ல."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, அம்மாவைப் பற்றிப் பேசினார். அவர் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. "சாப்பிடறப்ப எல்லாரும் சிரிப்போம். அம்மா என்னன்னு கேப்பாங்க. நாம என்ன சொல்லுவோம்? ஒண்ணுமில்லம்மா, நீங்க சாப்பிடுங்கம்போம். கத்திச் சொல்ல அலுப்பு. நான் வர்றதே ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாள்லயும் அதேதான் சொன்னேன். அப்புறம் அவங்க கேக்கறதையே விட்டுட்டாங்க." என் பக்கம் திரும்பி, "இனிமே எனக்கும் எல்லாரும் ஒண்ணுமில்லம்பீங்க" என்றார்.

நாம என்று அவர் சொன்னது என்னை அசைத்துவிட்டது. இத்தனை வருடம் அந்த விஷயத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று வைத்திருந்தேன். ஆனால் அதில் கரைந்து உட்கார நேரமில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நாள் போகப் போக வாய்ப்பு குறையும் என்றதும் அவர் முகம் வெளிறியது. இருந்தும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு ஒரு ஆம்ப் வருது. அதையும் பாத்துட்டு வர்றேன்."

"அண்ணி, இப்பத்தானே சொன்னீங்க."

"சொன்னேன். நாளைக்கு வர்றதைப் பாத்துட்டு வர்றேன்."

எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. கடைசியில் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போகவேண்டும் என்று அர்த்தம். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாடிக்குப் போய்ப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அக்காவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் அவர். "இழுத்துட்டுப் போக முடியாது. அதுவா வந்தாத்தான்" என்று கைவிரித்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கூரியர்காரர் வந்ததும் கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டேன். தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கைகாட்டி வரவழைத்தேன். வண்டிச் சத்தம் கேட்டோ, என்னமோ, அண்ணி இறங்கி வந்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"கொடு."

"ஆட்டோ நிக்குது அண்ணி. ஏறுங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்து கொடுக்கறேன்."

"அது என் சாமான்."

"ஆமா, உங்க சாமான்தான்."

என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கணவர் வாசல் கதவைப் பிடித்தபடி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி கையை நீட்டியபடியே இருந்தார். பிடுங்கியிருந்தால் நான் விட்டிருப்பேன். அவர் பிடுங்கவில்லை. நீட்டிய கையை மெல்ல மடக்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு போய் ஆட்டோவில் ஏறினார்.

மருத்துவமனையில் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். தலையில் ஒரு ஹெட்போன், கையில் ஒரு பட்டன். ஒலி கேட்டதும் அழுத்த வேண்டும். நான் வெளியே பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஹெட்போன்களைத் தேடித் தேடி மாட்டியவர், யாரோ மாட்டிவிட்ட ஒன்றோடு பள்ளிக்கூடப் பிள்ளைபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முதலில் வலது காது. கட்டைவிரல் அழுத்தியது, விட்டது, அழுத்தியது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு சோதிக்கிற பெண் ஏதோ சுவிட்சை மாற்றினாள். அண்ணியின் கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே இருந்தது. அந்தப் பெண் ஒரு குமிழைத் திருகினாள். விரல் அசையவில்லை. இன்னும் திருகினாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியது. நான் அந்த விரலையே பார்த்தேன். அழுத்துங்க அண்ணி, சும்மாவாவது அழுத்துங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அது ஒருமுறை அழுத்தியது. பிறகு மறுபடி சும்மா இருந்தது.

வெளியே வந்ததும் அவர் அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த ஹெட்போனின் மின்தடை எத்தனை ஓம் என்பது. அவளுக்குத் தெரியவில்லை. "பரவால்லம்மா, கேட்டேன்" என்றார்.

சக ஆசிரியையின் மகளான அந்த டாக்டர், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். அண்ணி மறைக்காமல் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். உள்காதில் நரம்பு சம்பந்தப்பட்டது, ஏன் வருகிறது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது என்று விளக்கினாள். "அன்னைக்கே வந்திருந்தா நல்லாருந்திருக்கும். இப்பவும் வழி இருக்கு. ஆனா எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாதுங்க" என்றாள். மாத்திரை, அதோடு காதுக்குள்ளேயே ஊசி. ஊசி போடும்போது என்னையும் உள்ளே இருக்க விட்டார்கள். அசையக் கூடாது என்றதால் அண்ணி படுத்தபடி கையை மட்டும் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அந்தக் கைக்கு இருந்தது எனக்குத் தெரியாது. பார்சல் என் இன்னொரு கையில் இருந்தது.

திரும்பும் வழியில் பெட்டியைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. மாடிக்குப் போய் அலமாரி மேல் வைத்துவிட்டார்.

அடுத்த வாரங்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரையால் அண்ணிக்கு முகம் உப்பியது, தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. காதுக்குள் ஓயாமல் ஒரு 'உஸ்' சத்தம் என்றார். வேதாரண்யத்துக் காற்று உள்ளே வந்து குடியேறிவிட்டது என்று ஒருமுறை சிரிக்கப் பார்த்தார். காலையில் பல் துலக்கியதும் வலது காதைப் பொத்திக்கொண்டு என் கணவரை எதையாவது பேசச் சொல்வார். அவர் பேப்பரில் இருக்கும் தலைப்பை வாசிப்பார். அண்ணி தலையை ஆட்டி மாடி ஏறிவிடுவார். பிறகு ஒரு காலையில், தலையை ஆட்டுவதற்குப் பதிலாக, "ஏதோ முனகுற மாதிரி இருக்கு" என்றார். என் கணவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

முழுசாகத் திரும்பவில்லை. அடர்த்தியான, கட்டையான ஒலிகள் ஓரளவு வந்தன. மெல்லிய, கூர்மையான ஒலிகள் வரவே இல்லை. ஊசி போதும், இனி இருப்பதுதான் இருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், அண்ணி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். பெட்டியை என் முன்னால்தான் பிரித்தார். கறுப்பாக ஒரு சின்ன ஆம்ப். சத்தத்துக்கு ஒரு குமிழ், அதன் பக்கத்தில் இன்னொரு குமிழ். அது எதற்கு என்று கேட்டேன். இடது வலது சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பதற்கு என்றார். அவருடைய மற்ற ஆம்ப் எதிலும் அது கிடையாது. அப்படியென்றால் அதை ஆர்டர் செய்யும்போதே அவர் இந்தக் காதோடு இருக்கப்போவதற்குத் தயாராகிவிட்டிருக்கிறார். கோளாறு ஆம்ப்பில் என்று வாயால் சொல்லிக்கொண்டே, கை மட்டும் வேறொன்றைத் தேடி எடுத்திருக்கிறது. நான் அதைப் புரிந்துகொண்டது அவருக்கும் தெரிந்தது.

இடது பக்கத்தைக் கூட்டிப் பார்த்தார். முகம் கோணியது. "சத்தம்தான் கூடுது, பாட்டு கூடல. பழைய ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். ஒரு ஹெட்போன் மாற்றி இன்னொன்று, ஒரு ஆம்ப் மாற்றி இன்னொன்று என்று முளைகளெல்லாம் காலியாகும்வரை பார்த்தார். என்னிடம் கேட்ட கேள்விகளையே தன்னிடம் கேட்டுக்கொள்வதுபோல இருந்தது. கூர்மையாக ஒலிக்கும் ஹெட்போன்கள் அவருக்கு ஒரு காலத்தில் உயிர். அவற்றைத் தனியாக எடுத்து வைத்தார், யாருக்காவது கொடுக்கச் சொல்லி. கடைசியில் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து வலது காதுக்கே அனுப்பும் ஒரு ஒயரைத் தேடி வாங்கினார். எனக்குக் கொடுத்ததைப் போலவே ஒரு வால்வு ஆம்ப், மெத்தென்ற ஒரு ஹெட்போன். வயலின், மிருதங்கம், குரல் எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பரவாயில்லை, யாரும் வெளியே போய்விடவில்லை என்றார்.

வயலில் அவர் மறைக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, "எனக்கு இந்தக் காது கேக்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில், சாப்பிடும்போது யாராவது சிரித்து அவர் என்ன என்று கேட்டால், நாங்கள் எவ்வளவு அற்பமான விஷயமானாலும் முதலிலிருந்து சொல்வோம். சில நேரம் அது அத்தனை அற்பமாக இருக்கும். கேட்டுவிட்டு, இதற்கா சிரித்தீர்கள் என்பார்.

நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது பூதலூர் வரை அவரைப் பின்னால் உட்கார வைத்து நான்தான் ஓட்டுகிறேன். இந்த வருடம் தண்ணீர் தாமதமாக வந்தது. கல்லணைக் கால்வாயில் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட காலையில், பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சருகும் நுரையுமாக, செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் யாரோ பூவும் மஞ்சளும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணி தண்ணீருக்கு இடது காதைக் காட்டி நின்று, வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார். கண்ணை மூடினார். நான் அவருடைய இடப்பக்கம் போய் நின்றேன். வழக்கமாக அந்தப் பக்கம் நான் நிற்பதே இல்லை.

"கேக்குதா அண்ணி?"

"என்னமோ வருது. தண்ணியா நீயான்னு தெரியல. நிறுத்தாம பேசு."

வாய்க்கு வந்ததைப் பேசினேன். சிலிண்டர் தீரப் போகிறது என்றேன். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் பெருக்கலைக் கூட்டலாகப் போடுகிறான் என்றேன். மாடித் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது, மத்தியானத்துக்கு நீங்கள் எடுத்துவரச் சொன்ன மோரை மறந்துவிட்டேன், உங்கள் தம்பி செருப்பைத் தைக்கக் கொடுத்து வாங்கவே இல்லை. தண்ணீர் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நெற்றியில் அன்று கண்ணாடி அறைக்குள் பார்த்த அதே சுருக்கம். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல்போய் நான் நிறுத்தியபிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"கேட்டுச்சா?"

"மோர் மட்டும் வந்துச்சு" என்றார். "மத்ததெல்லாம் தண்ணியோட போயிடுச்சு."